நகரப் புவியியல்: ஒன்லைனிலா, வகுப்பிலா?

உயர்தரம் முடித்து, வேலைக்கும் போய்க்கொண்டு பட்டம் படிக்க நினைக்கும் கொழும்புப் பிள்ளைகள் பலருக்கும் உள்ள கேள்வி இது.

கோட்பாட்டுக்கு ஒன்லைன் தாராளமாகப் போதும். நகரை வட்டம் வட்டமாகப் பிரிக்கும் பர்ஜெஸின் ஒருமைய வலய மாதிரி (1925), மையத்திலிருந்து விரியும் துண்டுகளாகப் பிரிக்கும் ஹொய்ட்டின் துறை மாதிரி (1939) எல்லாவற்றையும் விரிவுரையை நிறுத்தி நிறுத்திக் கேட்கலாம். காலி வீதி நெரிசலில் சிக்கும் நேரமும் மிச்சம். கூகுள் ஏர்த்தில் ஆண்டை நகர்த்தினால், காலிமுகத்திடலுக்குப் பக்கத்தில் கடலாக இருந்த இடம் 269 ஹெக்டேர் துறைமுக நகராக எழும்புவது அப்படியே தெரியும். இந்த வசதியை நான் பெரிதாக மதிக்கிறேன்.

ஆனால் வரைபடம் ஒரே நிறத்தில் பூசிவிடும் "வர்த்தக நிலம்" புறக்கோட்டையில் எப்படி இயங்குகிறது? செட்டியார் தெருவில் நகைக்கடைகளுக்கு நடுவே கதிரேசன் கோயில்கள். சுமை தூக்கும் நாட்டாமைமார் மூட்டை ஏற்றிய கைவண்டியோடு எந்தச் சந்தில் திரும்புகிறார்கள், லொறி எங்கே முடங்குகிறது என்பதெல்லாம் நின்று பார்த்தால்தான் பிடிபடும். நேரடி வகுப்பின் வெளிக்கள வேலை இதற்குத்தான். கூட வரும் விரிவுரையாளர் அங்கேயே கேள்வி கேட்பார்.

பர்ஜெஸ் சிகாகோவைப் பார்த்து வரைந்தார். அவர் படத்தில் வசதியானவர்கள் வெளிவட்டத்தில். இங்கே வசதியானவர்கள் வாழும் கறுவாத்தோட்டமோ நகரின் உள்ளேயே இருக்கிறது. இந்த முரணை ஒப்படையாக எழுதச் சொல்லும் ஒன்லைன் பாடநெறி கிடைத்தால் தயங்காமல் சேருங்கள். வெறும் பல்தேர்வு வினாக்களோடு முடிகிறதென்றால், வார இறுதி நேரடி வகுப்பே மேல்.