பட்டர்ஃபிளை ஐக்யூ பிளஸ்: தசையை அளக்கலாம், வலுவை ஊகிக்கத்தான் முடியும்

இது போனோடு இணையும் கையடக்க அல்ட்ராசவுண்ட் கருவி. உடலில் வைத்துப் பார்க்கும் தலையான வழக்கமான புரோப்பில் இருக்கும் படிகங்களுக்குப் பதிலாக, ஒரே சிலிக்கான் சிப்பில் சுமார் 9,000 நுண் உணரிகள். 1 முதல் 10 மெகாஹெர்ட்ஸ் வரை ஒரே தலை. கேபிளைப் போனிலோ டேப்லெட்டிலோ செருகி, செயலியில் தசை-எலும்புக்கான அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் தொடைத் தசை தெளிவாகவே தெரியும்.

குறை தலையின் அகலத்தில். உணரிப் பரப்பு 3 செ.மீ. அளவுதான். நடுத்தொடையில் ரெக்டஸ் ஃபெமோரிஸ் என்ற முன்தொடைத் தசை அதைவிட அகலம், அதனால் முழுக் குறுக்குவெட்டும் ஒரே படத்தில் விழாது. குறுக்குவெட்டின் பரப்பளவுதான் வேண்டுமென்றால் அகன்ற லீனியர் (நேர்முகத் தலை) புரோப் வாங்குங்கள். இதில் தடிமனோடு நின்றுகொள்வது நல்லது.

அந்தத் தடிமனும் கைப்பக்குவம்தான். ஆளை மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலை நீட்டி 10 நிமிடம் விடுங்கள். நடந்து வந்த காலில் நீர் இறங்கியிருக்கும், உடனே அளந்தால் கணக்கு மாறும். இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து முழங்கால் சில்லின் மேல்விளிம்பு வரை டேப் பிடித்து, நடுவில் பேனாவால் குறியிடுங்கள். ஜெல்லில் கஞ்சத்தனம் கூடாது. தோலுக்கும் புரோப்புக்கும் நடுவே அது கறுப்புப் பட்டையாகத் திரையில் தெரிய வேண்டும்; பட்டை மறைந்தால் கை அழுத்துகிறது. தொடை எலும்பின் கோடு மெல்லியதாகப் பளிச்சென்று விழும் வரை சாய்வைச் சரிசெய்து, படத்தை நிறுத்தி, தசை மேலுறையின் உள்விளிம்பிலிருந்து எலும்பு வரை அளக்கவும். புரோப்பை எடுத்து எடுத்து வைத்து மூன்று தடவை, பிறகு சராசரி. 30 மி.மீ. தசையில் 2 மி.மீ. அழுத்தினாலே 7 சதவீதம் போச்சு. ஒரு மாதப் பயிற்சியில் ஏறும் தடிமனை அந்தப் பிழையே விழுங்கிவிடும்.

சரி, வலு? 1968-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இக்காயும் ஃபுக்குநாகாவும் மேற்கையின் மடக்குத் தசைகளை அல்ட்ராசவுண்டில் அளந்து, குறுக்குவெட்டின் ஒரு சதுர செ.மீ.க்குச் சராசரி 6.3 கிலோ விசை என்று கண்டார்கள். அதை வைத்துத் தனி ஆளுக்கு வலுவைப் பெருக்கிச் சொல்வது ஆபத்து. பயிற்சியின் முதல் வாரங்களில் நரம்பு பழகியே வலு ஏறும், தடிமன் அசையாது. முதுமையில் தசை குறைவதைவிட வலு வேகமாகக் குறையும். ஐசியூ நோயாளியின் வீக்கமோ தசையைப் பருமனாகக் காட்டி ஏமாற்றும்.

ஆகவே கைப்பிடியின் வலுவை அளக்கும் டைனமோமீட்டர் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். தசையிழப்புக்கான ஆசியக் குழுவின் 2019 வரையறையில் கைப்பிடி ஆண்களுக்கு 28 கிலோவுக்கும் பெண்களுக்கு 18 கிலோவுக்கும் கீழே போனால் வலுக்குறைவு. இந்த எல்லையை எந்த ஸ்கேனும் சொல்லாது.

திரையில் தசை தெரியும் வெளுப்பை வைத்துக் கொழுப்பு, நார் ஏறியதைக் கணிப்பவர்கள் கெயின் (படத்தின் வெளிச்சம்), டெப்த் (பார்க்கும் ஆழம்) இரண்டையும் முதல் நாள் வைத்த இடத்திலேயே விடவேண்டும். வேறு கருவியில் எடுத்த எண்ணோடு ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை.

படுக்கையருகே ஒரே ஆளை, அளப்பவரும் மாறாமல், வாரக்கணக்கில் தொடர்ந்து பார்ப்பதற்கு வாங்கலாம். கருவி விலையோடு ஆண்டுச் சந்தாவையும் கூட்டிக்கொள்ளுங்கள். இந்தியாவில் வேறொரு கதவும் உண்டு: கருவின் பாலினத் தேர்வைத் தடுக்கும் 1994 சட்டத்தின் கீழ், தசை பார்க்கத்தான் என்றாலும் பதிவில்லாத இடத்துக்கு அல்ட்ராசவுண்ட் கருவி விற்கக் கூடாது. பிசியோதெரபி மையம் நடத்துபவர்கள் முன்பணம் கட்டுமுன் இந்தச் சட்டத்துக்கான மாவட்ட அதிகாரியிடம் கேட்டுவிடுங்கள்.