உப்பு மண்ணுக்கு பாக்டீரியான்னு சொல்லி 18,000 சுருட்டிட்டாங்க, ஆன்லைன்ல வாங்குறவங்க உஷார்

இன்னைக்கு காலையிலதான் கடைசியா கைய விரிச்சாங்க, அந்த ஆத்திரத்துலதான் எழுதுறேன். விவசாய இடுபொருள் விக்கிற ஆப் ஒண்ணு, பேரு வேணாம். உப்பு மண்ணுல பயிர் தாங்குறதுக்கு பாக்டீரியா கரைசல்னு வித்தாங்க, மொத்தம் 18,000. வாங்குறதுக்கு முன்னாடி என்னென்ன பாக்கணும்னு கடைசியில சொல்றேன், முழுசா படிங்க.

என் நிலத்துல ஈரம் காஞ்சா மேல வெள்ளையா உப்பு பூக்கும். மண் பரிசோதனையில ஈசி, அதாவது மண்ணுல உப்பு எவ்ளோ இருக்குன்னு காட்டுற அளவு, 6 வந்துச்சு, 4 தாண்டினாலே உவர் மண்ணுதான். அந்த ரிப்போர்ட்ட ஆப்ல ஏத்துனதும் அவங்க "வேளாண் நிபுணர்" போன் பண்ணாரு. நம்பிக்கை வந்ததே அந்த போன்லதாங்க, மனுஷன் அவ்ளோ தெளிவா பேசுனாரு. உப்பு ஏறினா செடிக்குள்ள எத்திலீன்ங்கிற ஹார்மோன் கூடும், வேர் வளராம நின்னுடும், சில பாக்டீரியா ஏசிசி டீஅமினேஸ்ங்கிற என்சைம வெச்சு எத்திலீன் ஆகப்போற பொருளயே முன்னாடியே உடைச்சுடும், வேர சுத்தி ஒரு பசைய சுரந்து சோடியத்த அதுல பிடிச்சு வெக்கும்னு வரிசையா சொன்னாரு. இதெல்லாம் உண்மை, ஆராய்ச்சியில நிரூபிச்ச விஷயம். அதே மூச்சுல, அதே குரல்ல, "மண்ணுல இருக்க உப்பையே இது தின்னு தீத்துடும் சார், ஒரே சீசன்ல ஈசி பாதியாயிடும்"னாரு. இது பச்சைப் பொய்! எந்த பாக்டீரியாவும் சோடியத்த தின்னு இல்லாம ஆக்காது. செடி தாக்குப்பிடிக்க கை கொடுக்கும், அவ்ளோதான். உப்பு போகணும்னா நல்ல தண்ணி கட்டி வடிகால் வழியா வடிச்சு விட்டாத்தான் போகும்.

தக்காளி நாத்து வேர கரைசல்ல நனைச்சு நட்டேன், அவங்க சொன்ன அளவுல சொட்டு நீர்லயும் விட்டேன், கூட எந்த மருந்தும் கலக்கல. கரைசல் விடாம தனியா விட்ட பாத்திக்கும் இதுக்கும் ஒரு வித்தியாசமும் இல்ல, ரெண்டுலயும் இலை ஓரம் ஒரே மாதிரி கருகுது. அப்புறம் காலி கேன தண்ணியில ஊற வெச்சப்போ தேதி ஸ்டிக்கர் உரிஞ்சு வந்துச்சு, பாத்தா அடியில இன்னொரு ஸ்டிக்கர், அதுல இருந்த காலாவதி தேதி நான் ஆர்டர் போடுறதுக்கு முன்னாடியே முடிஞ்சு போச்சு. செத்த பாக்டீரியாவுக்கு 18,000!

போட்டோ எடுத்து அனுப்பினேன். முதல்ல "பொறுங்க சார், மெதுவாத்தான் வேலை செய்யும்"னாங்க, அப்புறம் உங்க தண்ணியில குளோரின் இருந்திருக்கும்னாங்க, அப்புறம் ஸ்டிக்கர் ஒட்டினது விக்கிற பார்ட்டி, நாங்க வெறும் பிளாட்பார்ம்தான்னாங்க. அந்த நிபுணர் நம்பருக்கு போட்டா எடுக்கவே இல்ல. நான் போட்ட ரிவ்யூவ தூக்கிட்டாங்க. இன்னைக்கு காலையில "திறந்த பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது"ன்னு ஒரு வரி அனுப்பி கம்ப்ளெயின்ட்ட மூடிட்டாங்க. திறக்காம எப்படிங்க வயல்ல ஊத்துறது? 18,000 சும்மாவா வருது?

சரி, பாக்க வேண்டியது. லேபிள்ல பாக்டீரியா பேரு இருக்கணும், அசோஸ்பைரில்லமா சூடோமோனாஸா பேசில்லஸான்னு. எனக்கு வந்ததுல "நன்மை தரும் நுண்ணுயிர் கலவை"ன்னு மட்டும்தான் இருந்துச்சு. ஒரு மில்லிக்கு எத்தனை உயிர் செல்னு எண்ணிக்கை இருக்கணும். தேதிய நகத்தால சுரண்டிப் பாருங்க. வெயில்ல கிடந்த பார்சல வாங்காதீங்க. வடிகால் வேணாம், இது ஒண்ணே போதும்னு எவனாவது சொன்னா போன வெச்சுடுங்க. கேன பிரிக்கும்போதே வீடியோ எடுத்துருங்க. பணத்த மொத்தமா கட்டாதீங்க, முதல்ல ஒரே ஒரு பாத்திக்கு மட்டும் வாங்கி விட்டுப் பாருங்க.