வெப்பமண்டலக் கடலில் வானிலை முன்னறிவிப்பு: பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

சரக்குக் கப்பல் அதிகாரியாகப் பல வருடங்கள் பூமத்திய ரேகைக்கு மேலும் கீழுமாக ஓடியிருக்கிறேன். அந்தக் காலம் முழுக்க வானிலை முன்னறிவிப்பைத் தினமும் பயன்படுத்தி வந்தவன் என்ற முறையில் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திரையில் வரும் வண்ண வரைபடம் எவ்வளவு அழகாக இருந்தாலும், சேஃப்டிநெட் வழியாக, அதாவது கப்பல்களுக்கான செயற்கைக்கோள் எச்சரிக்கைச் சேவை வழியாக, எழுத்தில் வரும் அறிக்கையைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

காரணம் இருக்கிறது. வரைபடத்தில் பெரும்பாலும் தெரிவது ஒரே ஒரு கணினி மாதிரியின் கணக்கு. எழுத்து அறிக்கைக்குப் பின்னால் ஒரு முன்னறிவிப்பாளர் உட்கார்ந்திருக்கிறார். பல மாதிரிகள், செயற்கைக்கோள் அளந்த காற்று, கப்பல்கள் அனுப்பிய அளவீடுகள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறார். முதலில் எச்சரிக்கை, அப்புறம் பொது நிலவரம், கடைசியில் பகுதிவாரி முன்னறிவிப்பு என்ற வரிசையில் வரும். பலர் நேராகக் கடைசிப் பகுதிக்குத் தாவிவிடுகிறார்கள். நான் அதிக நேரம் செலவிடுவது நடுவில் இருக்கும் பொது நிலவரத்தில்தான். காற்று ஏன் அப்படி வீசப்போகிறது என்பது அங்கேதான் இருக்கிறது. காரணம் தெரிந்தால், கணிப்பு தவறும்போது எந்தப் பக்கம் தவறும் என்று ஊகிக்கலாம்.

2015 அக்டோபர் 1ஆம் தேதி, பஹாமாஸ் அருகே வாக்கீன் சூறாவளியில் எல் ஃபாரோ என்ற கப்பல் மூழ்கி 33 பேர் இறந்தார்கள். அந்த விசாரணை அறிக்கையைக் கப்பலில் வேலை செய்யும் எல்லோரும் படிக்க வேண்டும். கேப்டன் பார்த்துக்கொண்டிருந்த வரைபட மென்பொருளில் புயல் தகவல், அதே கப்பலுக்கு எழுத்தில் வந்த அறிக்கையைவிடப் பல மணி நேரம் பழையது. படம் புதிதாக வந்து இறங்கியிருக்கலாம், உள்ளே இருக்கும் கணக்கு பழையதாக இருக்கலாம். அதனால் எந்தப் படத்தைத் திறந்தாலும் என் கண் முதலில் போவது மூலையில் இருக்கும் யூடிசி (உலகப் பொது நேரம்) நேரத்துக்குத்தான். 00 மணி அளவீடுகளை வைத்து ஓடும் மாதிரி நம் கைக்கு வர எப்படியும் சில மணி நேரம் ஆகிவிடும்.

சரி, கணிப்பின் தரம் எப்படி? வணிகக் காற்று, அதாவது வெப்பமண்டலத்தில் கிழக்குப் பக்கமிருந்து நிலையாக வீசும் காற்று, இருக்கும் பகுதியில் மிக நன்று. 15 முதல் 20 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்) என்று போட்டிருந்தால், மூன்று நாள் கழித்தும் ஏறக்குறைய அதுதான் இருக்கும். வடக்கு, தெற்கு வணிகக் காற்றுகள் வந்து மோதும் குவி மண்டலத்தில்தான் சிக்கல். அங்கே மாதிரி காட்டுவது சராசரிக் காற்று. அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ் மாதிரி கணக்கிடும் ஒவ்வொரு கட்டமும் சுமார் 13 கிலோமீட்டர், ஐரோப்பிய மாதிரிக்கு 9 கிலோமீட்டர். ஒரு தனி இடிமேகம் அந்தக் கட்டத்துக்குள் அடங்கிக் காணாமல் போய்விடும்.

8 நாட் என்று முன்னறிவிப்பு சொல்லும் இரவில் ரேடாரைப் பன்னிரண்டு மைல் அளவில் வைத்துப் பாருங்கள். மழைத் திட்டு ஒன்று, ஓரம் கூர்மையாக, நம்மை நோக்கி வரும். அது நெருங்கும்போது பல சமயம் காற்று சட்டென்று அடங்கும், புழுக்கம் ஏறும். பிறகு மழைக்கு முன்னாலேயே குளிர்ந்த காற்று வேறொரு திசையிலிருந்து அடிக்கும். மேகத்திலிருந்து இறங்கிய குளிர்காற்று கடல்மேல் பரவி வரும் விளிம்பு அது. சில நிமிடங்களில் 35, 40 நாட் போய், அரை மணியில் ஒன்றுமே நடக்காதது போல ஆகிவிடும். இதை எந்த முன்னறிவிப்பும் மணி குறித்துச் சொல்லாது. அறிக்கையில் 'சிதறிய பலத்த இடிமழை' என்ற ஒரு வரி இருந்தால், அந்த இரவு ரேடாரை விட்டு நகரக்கூடாது.

அலை விஷயத்தில் உயரத்தை மட்டும் பார்ப்பவர்களைக் கண்டால் எனக்கு உண்மையிலேயே கவலை வரும். முன்னறிவிப்பில் வரும் உயரம், உயரமான மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி. 2 மீட்டர் என்றால், இடையிடையே 4 மீட்டர் அலையும் வரும். அதைவிட முக்கியம் அலைக்காலம், அதாவது ஓர் அலை முகட்டுக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட நேரம். 6 விநாடிக் காலமுள்ள அலை ஆழ்கடலில் சுமார் 56 மீட்டர் நீளம். 15 விநாடி என்றால் 350 மீட்டர். இரண்டுமே 2 மீட்டர் உயரம்தான், ஆனால் முதலாவதில் சின்னப் படகு படாதபாடு படும், இரண்டாவதை அதே படகு ஏறி இறங்கிப் போய்விடும். நங்கூரமிட்ட பெரிய கப்பலுக்கோ, பக்கவாட்டில் வரும் அந்த நீண்ட ஸ்வெல்தான் (தொலைவில் உருவாகிப் பரவி வரும் அலை) உருட்டல் தொல்லை. காற்றே இல்லாத நாளில் திடீரென்று நீண்ட ஸ்வெல் வந்தால், தொலைவில் எங்கோ புயல் இருக்கிறதா என்று அறிக்கையைத் தேடிப் பார்க்க வேண்டும்.

புயலின் பாதையைக் கணிப்பதில் பெரிய முன்னேற்றம். வலிமையைக் கணிப்பதில் அந்த அளவு நம்பிக்கை எனக்கு இன்னும் வரவில்லை. 2023 அக்டோபரில் ஓட்டிஸ் ஒரே நாளில் வெப்பமண்டலப் புயலிலிருந்து மிக உச்சமான ஐந்தாம் வகைச் சூறாவளியாகி அகாபுல்கோவைத் தாக்கியது. பெரும்பாலான மாதிரிகள் அதைப் பிடிக்கவில்லை. ஆகவே 1-2-3 விதியை நான் விடுவதில்லை. 34 நாட் காற்று பரவும் எல்லையோடு, முதல் நாளுக்கு 100 கடல் மைல், இரண்டாம் நாளுக்கு 200, மூன்றாம் நாளுக்கு 300 சேர்த்து வட்டம் போட்டு, அதற்கு வெளியே நிற்பது. இன்னொன்று, வெவ்வேறு மையங்களின் எண்களை நேராக ஒப்பிடக்கூடாது. அமெரிக்க மையங்கள் ஒரு நிமிடச் சராசரியையும், இந்திய வானிலைத் துறை மூன்று நிமிடச் சராசரியையும், ஜப்பான் பத்து நிமிடச் சராசரியையும் தருகின்றன. ஒரே புயலுக்கு மூன்று எண் வந்தால் குழம்ப வேண்டாம்.

இத்தனைக்கும் மேலே, பாரோமீட்டர். வெப்பமண்டலத்தில் காற்றழுத்தம் உள்ளூர் நேரம் காலை 10, இரவு 10 மணி வாக்கில் ஏறும், அதிகாலை 4, மாலை 4 மணி வாக்கில் இறங்கும். இந்த ஏற்ற இறக்கத்தைக் கழித்த பிறகும் வழக்கமான அளவைவிட 3 ஹெக்டோபாஸ்கல் குறைந்திருந்தால் சந்தேகப்பட வேண்டும். 5 குறைந்திருந்தால் புயல் அருகில் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளலாம். மணிக்கு ஒருமுறை குறித்துவைத்தால், முன்னறிவிப்பு எவ்வளவு சரியாகப் போகிறது என்பது லாக் புத்தகத்திலேயே தெரிந்துவிடும். அந்த எண்ணைத் தன்னார்வக் கண்காணிப்புக் கப்பல் திட்டத்தில் 00, 06, 12, 18 யூடிசி நேரங்களில் அனுப்புங்கள். அளவீடுகள் அரிதான நடுக்கடலில் ஒரு கப்பல் அனுப்பும் அழுத்த அளவும் அடுத்த கணிப்புக்குள் போகிறது.