ரேசரா, வேக்ஸா, லேசரா? கறுத்துப்போகும் தோலுக்கு எது தோது

வேண்டாத முடியை எடுப்பது பற்றிப் பேச்சு வந்தால் வலி, செலவு, எத்தனை நாள் தாங்கும் என்ற மூன்றைத்தான் எல்லாரும் விசாரிப்பார்கள். நான் முதலில் கேட்பது வேறு: எடுத்த இடம் கறுத்துப்போகுமா? மாநிறமும் கறுப்புமான நம் தோல், சூடு பட்டாலும் இழுபட்டாலும் எரிந்தாலும் அந்த இடத்தில் மெலனின் என்ற கருநிறமியைக் கொட்டிவிடும். முடி போன சந்தோஷம் ஒரு வாரம்தான். அக்குள் கருமை மாதக்கணக்கில் நிற்கும்.

அந்தக் கணக்கில் பார்த்தால் ரேசருக்கு நம் வீடுகளில் அநியாயத்துக்குக் கெட்ட பெயர். “வழிச்சா இன்னும் மொசமொசன்னு வளரும்” என்று அம்மாவும் சொல்வார், பார்லர் அக்காவும் சொல்வார். அமெரிக்க உடற்கூறியலாளர் மில்ட்ரெட் டிராட்டர் 1928-லேயே இதை ஆராய்ந்து, சவரத்தால் முடியின் தடிமனும் கூடுவதில்லை, வளரும் வேகமும் கூடுவதில்லை என்று எழுதிவிட்டார். பிளேடு வெட்டுவது தோலுக்கு மேலே நிற்கும் உயிரற்ற இழையை. கீழே இருக்கும் வேருக்கு அது தெரியவே தெரியாது. தானாக வளர்ந்த முடியின் நுனி கூர்ந்திருக்கும், வெட்டுப்பட்டது மொட்டையாக இருக்கும். கைக்குச் சொரசொரப்பது அதனால்தான்.

ரேசரின் உண்மையான குறை, இரண்டு மூன்று நாளில் மறுபடி எடுக்க வேண்டியிருப்பது. காய்ந்த தோலில், மழுங்கிய பிளேடை, எதிர்த்திசையில் இழுத்தால் பொரிப்பொரியாகக் கிளம்பி முடி தோலுக்குள்ளேயே சுருண்டு வளரும். அதன் பிறகு வருவதுதான் அந்தக் கரும்புள்ளிகள். குளித்த ஈரத்தில், நுரையோ ஜெல்லோ தடவி, முடி வளரும் திசையிலேயே வழித்தால் பெரும்பாலும் தொல்லையில்லை.

வேக்ஸ் வேரோடு பிடுங்குவதால் மூன்று நான்கு வாரம் நிம்மதி. ஆனால் அடுத்த தடவை மெழுகு பிடிக்க முடி சுமார் 6 மில்லிமீட்டர் வளர்ந்திருக்க வேண்டும். அதுவரை முழுக்கைச் சட்டைதான். கை கால்களுக்கு வேக்ஸ் போடுவதில் எனக்கு ஆட்சேபமில்லை. முகத்துக்கும் அக்குளுக்கும் யோசிப்பேன். பருவுக்கு ரெட்டினாய்டு கிரீம் பூசுகிறவர்களும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் முகத்தில் வேக்ஸ் போடவே கூடாது, முடியோடு தோலும் உரிந்து வரும். முடியை வேரோடு பிடுங்கும் எபிலேட்டர் கருவியை வீட்டில் வைத்திருப்பவர்களுக்கும் கிட்டத்தட்ட இதே கதை. கூடுதலாக, பாதியில் அறுந்த முடி உள்ளே வளரும் வாய்ப்பு.

முடி நீக்கும் கிரீம் எனக்குப் பிடிக்காது. அதிலிருக்கும் தயோகிளைகோலேட் உப்பு முடியின் கெரட்டின் புரதத்தைக் கரைக்கிறது. தோலின் மேலடுக்கும் கெரட்டின்தான். டப்பாவில் போட்டிருக்கும் நிமிடத்தைத் தாண்டினால் எரிவதில் ஆச்சரியமில்லை. அவ்வளவு நெடியையும் பொறுத்துக்கொண்டு கிடைக்கும் பலன் ரேசரைவிட ஓரிரு நாள் கூடுதல், அவ்வளவே. கஸ்தூரி மஞ்சள், கடலை மாவு தேய்ப்பது பூனைமுடியைக் கொஞ்சம் உதிர்க்கலாம், வேரை ஒன்றும் செய்யாது.

இனி லேசர். முடியிலுள்ள மெலனின் ஒளியை இழுத்துச் சூடாகி வேரைச் சுடுகிறது. நம் சிக்கல் இங்கேதான்: அதே மெலனின் தோலிலும் இருக்கிறது. 755 நானோமீட்டர் அலைநீள அலெக்ஸாண்டிரைட் லேசர் கருவி வெள்ளைத் தோலுக்கு அருமை, கறுத்த தோலைச் சுட்டுவிடக்கூடும். 1064 நானோமீட்டர் என்டி-யாக் கதிரைத் தோலின் மெலனின் அவ்வளவாக இழுக்காது, அதனால் நமக்குப் பாதுகாப்பானது. டயோடு லேசர் இடைப்பட்டது, பழகிய கை வேண்டும். ஆகவே கிளினிக்கில் தள்ளுபடி விசாரிப்பதற்கு முன்னால் எந்தக் கருவி, யார் இயக்குவது என்று விசாரியுங்கள். வளர்ச்சிக் கட்டத்திலுள்ள முடி மட்டுமே சாகும் என்பதால் சில வார இடைவெளியில் ஆறு எட்டு சிட்டிங் ஆகும். அதற்கு முந்தைய ஒரு மாதம் வேக்ஸ், த்ரெட்டிங் கூடாது, ஷேவ் செய்யலாம். இவ்வளவுக்குப் பிறகும் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இதை நிரந்தரக் குறைப்பு என்று சொல்லத்தான் அனுமதிக்கிறது, அவ்வப்போது டச்-அப் தேவைப்படும். லேசருக்குப் பதில் பளிச்சிடும் ஒளியால் முடியைச் சுடும், வீட்டில் பயன்படுத்தும் ஐபிஎல் கருவிகள் மிகக் கறுத்த தோலுக்கு ஏற்றவையல்ல என்று அவற்றின் கையேடே சொல்கிறது.

நரைத்த முடியில் மெலனின் இல்லை, லேசர் அதைக் கண்டுகொள்ளாது. தாடையில் நாலைந்து வெள்ளை முடி என்றால் எலெக்ட்ரோலிசிஸ்தான் வழி. ஒவ்வொரு வேரிலும் ஊசி நுழைத்து மின்சாரம் பாய்ச்சும் இந்த முறையை 1875-இல் அமெரிக்கக் கண் மருத்துவர் சார்லஸ் மிஷெல், கண்ணுக்குள் குத்தும் இமைமுடியை எடுக்கக் கையாண்டார். தோல் நிறம், முடி நிறம் எதுவும் தடையில்லை. பொறுமைதான் வேண்டும், கால் முழுக்கச் செய்யலாம் என்று கனவு காண வேண்டாம்.

தாடையிலும் கழுத்திலும் முரட்டு முடி முளைத்து, மாதவிலக்கும் தள்ளிப்போகிறதா? அது பிசிஓஎஸ் என்ற ஹார்மோன் கோளாறாக இருக்கலாம். ஹார்மோனைக் கவனிக்காமல் லேசர் அடித்தால் புது முடி முளைத்துக்கொண்டே இருக்கும். சிலருக்கு, குறிப்பாக முகத்திலும் கழுத்திலும், லேசரே பூனைமுடியைத் தூண்டி அடர்த்தியாக்கிவிடுவதும் உண்டு. ஆறு சிட்டிங் பேக்கேஜுக்குப் பணம் கட்டுவதற்கு முன் மகப்பேறு மருத்துவரையோ தோல் மருத்துவரையோ பார்த்து, அவர் எழுதித்தரும் ரத்தப் பரிசோதனையை முடித்துவிடுங்கள்.