ரூ.2,10,000 வாங்கிக்கொண்டு இரவுப் பார்வையைக் கெடுத்தார்கள்: கண்ணுக்குள் லென்ஸ் வைக்கப் போகிறவர்கள் படியுங்கள்

இரவுப் பார்வை கெட்டுவிட்டது, பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்று எழுதியிருந்தேன். எனக்குக் கண்ணுக்குள் லென்ஸ் வைத்த மருத்துவமனையிடமிருந்து நேற்றுதான் பதில் வந்தது. "உங்கள் பார்வை 6/6. சிகிச்சை வெற்றி. பணத்தைத் திருப்பித் தரும் பேச்சுக்கே இடமில்லை." இரண்டு கண்ணுக்குமாக ரூ.2,10,000 வாங்கியவர்கள் எழுதியது அவ்வளவுதான். பெயர் போடவில்லை. சென்னையில் உள்ள ஒரு தனியார் கண் மருத்துவமனை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

எனக்கு இரண்டு கண்ணிலும் மைனஸ் 14. கண்ணாடியைக் கழற்றினால் ஏழு சென்டிமீட்டருக்கு அப்பால் எல்லாமே மங்கல். இவ்வளவு பவருக்கு லாசிக் என்ற லேசர் சிகிச்சை செய்தால், அதில் செதுக்கப்படும் கருவிழி (கண்ணின் முன்பக்கத்தில் உள்ள ஒளிபுகும் படலம்) தாங்காது, ஐ.சி.எல். வைக்கலாம் என்றார்கள். இயற்கை லென்ஸை எடுக்காமல், அதற்கு முன்னால், ஐரிஸ் என்ற நிறத் திரைக்குப் பின்னால் மெல்லிய லென்ஸ் ஒன்றைச் செருகும் சிகிச்சை அது.

மருத்துவர் பேசியது கொஞ்ச நேரம்தான். மற்றதெல்லாம் கவுன்சிலர் என்று உட்கார்ந்திருந்த அம்மையார். "தம்பி, என் கூடப்பிறந்தவனுக்கே இதைத்தான் வைத்தோம். ராத்திரியில் பைக் ஓட்டுகிறான்" என்றார். இரவில் விளக்கு கூசுமா என்று வாய்விட்டுக் கேட்டேன். அம்மா பக்கத்தில்தான் இருந்தார். "அதெல்லாம் பழைய லென்ஸில். இதில் நடுவிலேயே துளை இருக்கிறது, ஒன்றும் வராது" என்றார் கவுன்சிலர். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் அம்மா வளையல்களை அடகு வைத்தார். அந்தத் துளை, கண்ணுக்குள் ஊறும் நீர் தடையில்லாமல் ஓடுவதற்காக வைத்தது. கூச்சத்தைத் தடுப்பது அதன் வேலையே இல்லை. சொல்லப்போனால் 0.36 மி.மீ. அளவுள்ள அந்தத் துளையின் விளிம்பே சிலருக்கு விளக்கைச் சுற்றி வளையம் காட்டும்.

ஒப்புதல் படிவம் எப்போது வந்தது தெரியுமா? சிகிச்சை நாளன்று, கண்மணியை (ஒளி நுழையும் நடுத் துவாரத்தை) விரிக்கும் சொட்டு மருந்தை விட்டு, கண்ணாடியையும் வாங்கி வைத்துக்கொண்ட பிறகு. பொடி எழுத்தில் ஆங்கிலப் பக்கங்கள். மைனஸ் 14 கண்ணுக்குச் சொட்டு விட்டபின் எதைப் படிப்பது? செவிலியர் என் விரலைப் பிடித்துக் கையெழுத்துப் போடும் இடத்தில் வைத்தார். இன்று அதே படிவத்தைக் காட்டி, "இரவுக் கூச்சம் வரலாம் என்று நான்காம் பக்கத்தில் இருக்கிறதே" என்கிறார்கள்!

பகலில் பார்வை நன்றாகவே இருக்கிறது, மறுக்கவில்லை. இருட்டியதும்தான் வேதனை. வேளச்சேரியிலிருந்து தாம்பரத்துக்கு வண்டியில் வரும்போது எதிரே வரும் ஒவ்வொரு விளக்கையும் சுற்றி வெள்ளை வளையம், அதிலிருந்து கீற்றுகள். போன வாரம் ஒரு லாரியின் வெளிச்ச வளையத்துக்குள் சாலையைக் கடந்த பெரியவர் அப்படியே மறைந்துபோனார். கைப்பிடியை ஒடித்துத் திருப்பியதால் தப்பினார். அன்றோடு இரவில் வண்டி எடுப்பதில்லை.

முறையிட்டபோது முதலில் "மூளை பழகிக்கொள்ளும்" என்றார்கள். அப்புறம் கண் வறட்சி என்று சொட்டு மருந்து. அதற்கும் கேட்கவில்லை என்றதும், அவர்கள் கடையிலேயே விற்கும் கூச்சத் தடுப்புக் கண்ணாடியை வாங்கச் சொன்னார்கள். கண்ணாடி வேண்டாம் என்றுதானே ரூ.2,10,000 கொடுத்தேன்! கடைசியில் மருத்துவர் கூட்டத்தில் இருக்கிறார், ஊரில் இல்லை என்ற பதில்தான். லென்ஸை எடுத்துவிடலாம், ஆனால் அதற்குத் தனிக் கட்டணம், பிறகு மறுபடி பழைய கண்ணாடிதான் என்று வரவேற்பில் இருந்த பெண் சொன்னார்.

எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்குப் போன பிறகுதான் விஷயம் விளங்கியது. அங்கே அறை விளக்கை அணைத்துவிட்டு அளந்தார்கள். இருட்டில் என் கண்மணி 7.5 மி.மீ. விரிகிறது. பவர் கூடக்கூட இந்த லென்ஸில் பார்வை தரும் நடுப்பகுதி சுருங்கும், என் பவருக்கு அது சுமார் 5 மி.மீ.தான். கருவிழி அதைச் சற்றுப் பெரிதாக்கிக் காட்டுவதைச் சேர்த்துக்கொண்டாலும் என் கண்மணி அதைத் தாண்டிவிடுகிறது. விளிம்புக்கு வெளியே நுழையும் ஒளிதான் என்னை வதைக்கிறது. மூளை எதைப் பழகும்? ரூ.2,10,000 வாங்கியவர்கள் விளக்கை அணைத்து ஒரு முறை அளந்திருந்தால் இதை முன்பே சொல்லியிருக்கலாம். 6/6 என்பது வெளிச்சமான அறையில் கறுப்பு எழுத்தைப் படிப்பது. அதை வைத்துக்கொண்டு என் இரவைப் பற்றிப் பேச அவர்கள் யார்?

இன்னொரு வயிற்றெரிச்சல். "இது அழகுக்கான சிகிச்சை, இன்சூரன்ஸ் கிடைக்காது" என்று ரொக்கமாக வாங்கினார்கள். பாலிசிகளில் உள்ள விலக்கு 7.5-க்குக் குறைந்த பவருக்குத்தான். மைனஸ் 14-க்குக் கேட்டிருக்கலாம்.

அதனால் சொல்கிறேன். இருட்டில் கண்மணி அளவு எவ்வளவு, உங்கள் பவருக்கு லென்ஸின் நடுப்பகுதி எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். படிவத்தை முதல் நாளே வீட்டுக்குக் கொண்டுபோங்கள், கண்ணில் சொட்டு விட்டபின் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். விழித்திரைப் பரிசோதனையை நிறுத்தாதீர்கள், லென்ஸ் வைத்தாலும் அதிக பவர் உள்ள கண்ணுக்கு விழித்திரை விலகும் ஆபத்து குறையாது. நுகர்வோர் உதவி எண் 1915.

என் சிகிச்சைக் குறிப்புகள் அடங்கிய கேஸ் ஷீட்டை எழுத்துமூலம் கேட்டிருக்கிறேன். 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது மருத்துவ கவுன்சில் விதி. நாளையோடு கெடு முடிகிறது.