நெடுந்தீவில் ஓர் இரவு: கொழும்பிலிருந்து செல்லும் வார இறுதிச் சுற்றுலா பற்றிய மதிப்பீடு

வெள்ளவத்தையிலிருந்து வெள்ளிக்கிழமை இரவு புறப்பட்டு நெடுந்தீவைப் பார்த்துத் திரும்பும் வார இறுதிச் சுற்றுலாவைக் கொழும்பில் உள்ள ஒரு சிறிய நிறுவனம் ஒழுங்கு செய்து வருகிறது. சனிக்கிழமை காலையில் தீவுக்குப் போய்ப் பிற்பகலிலேயே யாழ்ப்பாணம் திரும்பிவிடும் பயணம் ஒரு வகை. தீவிலேயே ஒரு மீனவக் குடும்பத்தின் வீட்டில் இரவு தங்கி ஞாயிறு மதியப் படகில் திரும்பும் பயணம் இன்னொரு வகை. நாங்கள் குடும்பத்தோடு இரண்டாவதைத் தெரிவு செய்தோம். கொடுத்த காசுக்கு அது முழுப் பெறுமதி உடையது என்று தயக்கமின்றிச் சொல்வேன். முதலாவதை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். நெடுந்தீவின் சரித்திரத்தில் பாதிக்கு மேற்பட்டது பகல் வெயிலில் அவசரமாகச் சுற்றிவரும் ஒருவருடைய கண்ணில் படவே படாது.

பயணத்தின் முதற்பகுதி பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. குளிரூட்டிய பஸ் காலி வீதிக்குச் சொன்ன நேரத்துக்கு வந்தது. விடியற்காலையில் யாழ்ப்பாணத்தில் குளித்து உடைமாற்ற அறைகள் எடுத்து வைத்திருந்தார்கள். இடியப்பமும் சொதியும் சம்பலும் சூடாக இருந்தன. பண்ணைப் பாலம் கடந்து, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகாட்டுவான் இறங்குதுறைக்குப் போகும் பாதையில், இருபுறமும் ஆழமில்லாத தண்ணீரில் நட்டிருந்த களங்கண்டித் தடிகளைக் காட்டி, மீன் எவ்வாறு தடுப்பு வலையை ஒட்டியே நீந்திச் சென்று கூட்டுக்குள் அகப்படுகிறது என்று வழிகாட்டியாக வந்த இளைஞர் விளக்கினார். வண்டியை நிறுத்தி, பிள்ளைகளை இறக்கி, பொறுமையாக அவர் அதைச் சொன்ன விதம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

குறிகாட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்கு ஏறக்குறைய ஒரு மணிநேரக் கடற்பயணம். அரசாங்கப் படகில்தான் எங்களை ஏற்றினார்கள். மா மூட்டைகள், காஸ் சிலிண்டர்கள், யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் கிளினிக் முடித்துத் திரும்பும் முதியவர்கள், கைக்குழந்தையோடு ஒரு தாய் என்று தீவின் அன்றாட வாழ்வு முழுவதும் அந்தப் படகில்தான் ஏறி இறங்குகிறது. வார இறுதியில் எங்களைப் போன்ற குழுக்கள் முன்கூட்டியே வந்து இருக்கைகளைப் பிடித்துக்கொள்ள, ஊரவர்கள் நின்றுகொண்டு போகிறார்கள். எங்கள் குழுவில் சிலர் எழுந்து இடம் கொடுத்தார்கள். ஆயினும் இதைப் பயணிகளின் நல்ல மனதுக்கு விட்டுவிடலாகாது. கட்டணம் வாங்கும் நிறுவனம் தன் குழுவுக்குத் தனியார் படகு ஒன்றை அமர்த்த வேண்டும். அதற்காகக் கட்டணம் சற்றுக் கூடினாலும் கொடுப்பவர்கள் இருப்பார்கள். இந்தச் சேவையில் நான் கண்ட மிகப் பெரிய குறை இதுவே.

தீவில் இறங்கியதும் சுற்றிப் பார்க்கும் படலம் தொடங்கியது. ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள தட்டையான நிலம். பனைகளும் பற்றைகளும் புல்வெளியும் மாறிமாறி வருகின்றன. 1619இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் இதனைப் பசுக்களின் தீவு என்று அழைத்தார்கள். 1658இல் வந்த ஒல்லாந்தர் தங்கள் நாட்டு நகரமான டெல்வ்ற்றின் பெயரைச் சூட்டினார்கள். 1795இல் ஆங்கிலேயர் வந்தார்கள். வைத்தியசாலைக்குப் பின்னால் கூரையிழந்து நிற்கும் கோட்டை, தூணின்மேல் தூக்கி வைத்தாற்போல் இருக்கும் புறாக்கூடு, சாறாப்பிட்டியில் வரிசையாக நிற்கும் குதிரை லாயத்தின் தூண்கள், அங்கேயே கிடக்கும் கல் தண்ணீர்த் தொட்டிகள் ஆகியவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே குதிரை வளர்ப்புக்குப் பொறுப்பாயிருந்த ஐரிஷ்காரரான லெப்டினன்ட் நோலனைப் பற்றி வழிகாட்டி நெடுநேரம் ரசித்துச் சொன்னார். அந்த அதிகாரி தீவையே தன் அரசாகக் கருதி நடந்துகொண்டார் என்ற கதைகள் கேட்கச் சுவையானவைதான். ஆனால் அவருக்குக் கிடைத்த நேரத்தில் கால்வாசிகூட அந்த லாயத்துக்குக் கல் சுமந்தவர்களுக்கும் குதிரைக்குப் புல் அறுத்தவர்களுக்கும் கிடைக்கவில்லை.

அந்தக் குதிரைகளின் வழித்தோன்றல்கள் தெற்குப் புல்வெளியில் இன்றும் கட்டற்றுத் திரிகின்றன. 2015இல் அப்பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. நல்ல தண்ணீர் குறைந்த இத்தீவில் கோடை நீண்டுவிட்டால் குதிரைகள் தாகத்தால் செத்து விழுகின்றன என்பதை வழிகாட்டி மறைக்காமல் சொன்னதையும், படம் எடுப்பதற்காக அவற்றைத் துரத்த வேண்டாம் என்று குழுவினரைக் கண்டிப்பாகத் தடுத்ததையும் பாராட்டத்தான் வேண்டும். உட்புறம் குடைந்து பல பேர் நிற்கக்கூடிய பெருக்கமரத்தையும் பார்த்தோம். அராபிய வணிகர்கள் கொண்டுவந்தது என்று ஊரில் சொல்கிறார்கள்.

இவை எல்லாவற்றையும்விட என்னை நிறுத்தியவை தீவெங்கும் ஓடும் கல்வேலிகள்தாம். முருகைக்கற்களைச் சாந்து எதுவும் பூசாமல் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி இடுப்பளவு உயரத்துக்கு அடுக்கியிருக்கிறார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் ஒரு கல்லில் மடிப்பு மடிப்பாக நெளிந்தோடும் கோடுகள், இன்னொன்றில் ஊசி குத்தியதுபோல் நெருக்கமான துளைகள், வேறொன்றில் பூவிதழ்போல் விரியும் வரிகள் தெரிகின்றன. ஒவ்வொரு கல்லும் கடலுக்கடியில் உயிரோடு வளர்ந்த ஒன்றாகும். கற்களுக்கிடையில் விட்ட இடுக்குகளால் காற்று ஊடுருவிப் போவதால் சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று உரத்து வீசும் மாதங்களிலும் வேலி சரிவதில்லை என்று எங்களை விருந்தினராக ஏற்ற வீட்டுப் பெரியவர் விளக்கினார். கோட்டையும் இதே கல்லால் கட்டப்பட்டதுதான். கோட்டை இடிந்துவிட்டது, வேலிகள் ஆண்டுதோறும் பழுது பார்க்கப்பட்டு மாட்டுக்கும் ஆட்டுக்கும் எல்லையாக இன்றைக்கும் பயன்படுகின்றன. அலுவல்பூர்வ நிகழ்ச்சி நிரலில் இந்த வேலிகளுக்கென்று ஒரு வரிகூட இல்லாதது எனக்கு வியப்பாக இருந்தது.

பிற்பகலில் நாட் பயணக்காரர்கள் இறங்குதுறைக்குப் போன பிறகு, எங்கள் பயணத்தின் சிறந்த பகுதி ஆரம்பித்தது. வழிகாட்டி பின்னால் நின்றுகொள்ள, பெரியவர் பொறுப்பேற்றார். மேற்குப் பக்கத்தில், வெடியரசன் கோட்டை என்று ஊரார் சொல்லும் சிதைவுகளுக்கு அழைத்துப் போனார். பௌத்த தாதுகோபங்களின் எச்சம் என்று தொல்லியல் நோக்கில் சொல்லப்படும் இடம் அது. ஊரில் வழங்கும் கதை வேறு. கண்ணகியின் சிலம்புக்கு நாகமணி தேடிக் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து கப்பலோட்டி வந்த மீகாமனை, இந்தக் கடலை ஆண்ட முக்குவர் தலைவனான வெடியரசன் எதிர்த்து நின்றான் என்பது அந்தக் கதை. முற்பகலில் வழிகாட்டி இதை ஒரே வாக்கியத்தில் கடந்துவிட்டிருந்தார். பெரியவரோ காற்று எந்தத் திசையிலிருந்து வந்தது, மரக்கலம் எந்தப் பக்கத்தால் கரையை அணுகியிருக்கும் என்று கையை நீட்டிக் காட்டிச் சொன்னார். கல்வெட்டுச் சான்று போன்றதொரு சான்றாக நான் இதைக் கொள்ளவில்லை. ஆனால் மீன்பிடிக்கும் மக்கள் தங்கள் கடலுக்குத் தாங்களே அரசர்களாயிருந்த ஒரு காலத்தை நினைவில் வைத்துத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்திருக்கிறார்கள் என்பதே கவனத்துக்குரிய சரித்திரச் செய்தி. போர்த்துக்கேயருக்கும் ஒல்லாந்தருக்கும் முன்பும் இக்கடலில் பெரும் போக்குவரத்து இருந்தது. அயலில் உள்ள நயினாதீவுக் கோயிலில் இருக்கும் பன்னிரண்டாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டில், ஊர்காவற்றுறைக்கு வரும் வெளிநாட்டு வணிகர்களைக் காக்க வேண்டும் என்றும், யானையும் குதிரையும் ஏற்றிய மரக்கலம் உடைந்தால் காற்பங்கு அரசுக்குச் சேரும் என்றும் முதலாம் பராக்கிரமபாகு ஆணையிட்டிருக்கிறான். இதைச் சுற்றுலாவில் யாரும் சொல்லவில்லை. தீவுக்குக் குதிரை வந்த கதையை ஐரோப்பியரில் தொடங்குகிறவர்கள் இந்தக் கல்வெட்டையும் ஒருமுறை சொல்லியிருக்கலாம்.

மறுநாள் விடியும் முன்பே கரைக்குப் போனோம். நீலக்கால் நண்டுக்குப் போட்ட வலைகளோடு படகுகள் ஒவ்வொன்றாக வந்தன. வலையை மடியில் பரப்பிக்கொண்டு பெண்களும் ஆண்களும் சுற்றியிருந்து நண்டு கழற்றினார்கள். பெரியவரின் மனைவி இடது பெருவிரலால் நண்டின் முதுகை அமத்தி, வலது கையால் நூலை ஒவ்வொரு காலாகப் பின்பக்கமாகத் தள்ளி விலக்கினார்; பெரிய கவ்வுகாலைக் கடைசியாகத்தான் தொட்டார். இழுத்து எடுத்தால் வேகமாக முடியுமே என்று என் மகள் கேட்டதற்கு, “கால் உடைஞ்சால் கொம்பனிக்காரன் எடுக்கான், பிள்ளை. பிறகு கறிக்குத்தான்” என்றார். ஏற்றுமதிக்குப் போகும் நண்டு கால் குறைந்தால் தரம் குறைந்து விலையும் இறங்கிவிடுகிறது என்பதை எந்த விளக்கப் பலகையும் இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்காது.

அன்று கரைக்கு வந்த வலைகளில் ஒன்று நடுவில் அறுந்து பாதிக்கு மேல் காணாமற்போயிருந்தது. எல்லை கடந்து வரும் இந்திய இழுவைப்படகுகளின் வேலை என்று சொன்னார்கள். அடியோடு வாரிச் செல்லும் இழுவை மடித் தொழிலை இலங்கை 2017இல் சட்டத்தால் தடை செய்தது. கடலின் அப்பக்கத்திலிருந்து வரும் படகுகளைக் கடற்படை பிடிக்கும் செய்திகளைக் கொழும்பில் இருந்து நாங்கள் பத்திரிகையில் வாசிக்கிறோம். அந்தச் செய்திகளில் வரும் ‘நெடுந்தீவுக் கடற்பரப்பு’ என்பது இந்தக் குடும்பத்தின் வலை கிடந்த இடம். அதேவேளை, கச்சதீவு அந்தோனியார் திருவிழாவில் இரு கரை மீனவர்களும் ஒன்றாக மன்றாடுவதைப் பற்றியும் அவர்கள் கசப்பின்றிப் பேசினார்கள்.

திரும்பும் முன் மாவிலித்துறையில் உள்ள குமுதினி நினைவிடத்துக்குப் போனோம். 1985 மே 15ஆம் திகதி இத்துறையிலிருந்து குறிகாட்டுவானுக்குப் புறப்பட்ட குமுதினிப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டு, பெண்களும் குழந்தைகளும் உட்பட குறைந்தது 23 பேர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். வந்தவர்கள் கடற்படையினர் என்று உயிர்தப்பியோர் சாட்சியமளித்தார்கள். அச்சிட்ட நிகழ்ச்சி நிரலில் இந்த இடம் கிடையாது. பெரியவர் தாமாக அழைத்துச் சென்றார். எல்லா வகைப் பயணிகளும் வருவதால் நிறுவனம் தயங்கியிருக்கலாம். என்றாலும், அதே கடல்வழியாக, அதே துறைக்கு வந்து இறங்கும் ஒரு பயணத்தில் இதைச் சொல்லாமல் விடுவது சரியன்று. இறங்குதுறைக்கு அருகிலேயே இருப்பதால் நேரமும் அதிகம் பிடிக்காது. நாட் பயணத்திலும் இதனைக் கட்டாயம் சேர்க்க வேண்டும் என்று நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்திருக்கிறேன்.

தங்குமிடம் எளிமையானது, மிகவும் சுத்தமானது. குளிரூட்டி கிடையாது; கடற்காற்று போதுமாக இருந்தது. கிணற்றுத் தண்ணீர் உவர் என்பதால் குளித்தால் தலைமுடி ஒட்டும். குடிதண்ணீர் தனியாகத் தந்தார்கள், ஆனால் அது வெளியிலிருந்து சுமந்து கொண்டுவரப்படுவது என்பதை மனதில் வைத்துப் பாவிக்க வேண்டும். இராச் சாப்பாட்டுக்கு நண்டும் கணவாயும் திருக்கையும் போட்டுக் காய்ச்சிய ஒடியற் கூழை, அதாவது காயவைத்த பனங்கிழங்கு மாவில் செய்யும் கூழைப் பிலாவிலையில் கோலிக் குடித்தோம். கொழும்பில் உணவகங்களில் கிடைக்கும் கூழ் இதற்குக் கிட்டவும் வராது. ஒடியல் மாவின் இலேசான கசப்பை அங்கே புளியால் மறைத்துவிடுகிறார்கள், இங்கே அந்தக் கசப்போடுதான் நண்டின் இனிப்பு எடுபட்டது. காலையில் தந்த பால்தேநீரையும் குறிப்பிட வேண்டும். பசுக்களின் தீவு என்ற பழைய பெயர் இன்னும் பொருந்துகிறது. சைவ உணவுக்காரர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

பயணத்துக்கு ஏற்ற காலம் தை பிறந்து வாடை தணிந்த பிறகு சித்திரை வரையிலான மாதங்கள். சோளகம் தொடங்கினால் கடல் கொந்தளிக்கும். முதியவர்களையும் சிறு பிள்ளைகளையும் அழைத்துப் போகும் குடும்பங்கள் அந்தக் காலத்தைத் தவிர்க்க வேண்டும். பதிவு செய்யும்போது, இரவு தங்குவது நெடுந்தீவில்தானா என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். இடம் நிரம்பினால் சிலரை யாழ்ப்பாணத்தில் தங்க வைப்பதும் உண்டு என்று எங்களிடம் சொன்னார்கள். காற்றைப் பொறுத்துப் படகு தாமதிக்கலாம் என்பதால், திங்கட்கிழமை காலை அலுவலகம் போக வேண்டியவர்கள் அன்றைக்கு ஒரு அரைநாள் லீவாவது போட்டு வைத்துவிட்டுப் புறப்படுவது பாதுகாப்பு.