நிலைக்காந்தமா, மின்காந்தமா?

ஃப்ரிட்ஜ் கதவை ஒட்டிப் பிடிப்பது நிலைக்காந்தம். பழைய இரும்புக் கிடங்கில் கிரேனில் தொங்குவது பெரும்பாலும் மின்காந்தம். முதலாவதற்கு மின்சாரமே வேண்டாம். ஆனால் நினைத்தபோது அணைக்க முடியாது. அதிகம் சூடாக்கினால் வலுவும் போய்விடும்.

மின்காந்தம் என்பது மின்னோட்டம் பாயும்போது காந்தமாகும் கம்பிச்சுருள். ஸ்விட்ச் போட்டு அணைக்க முடிவதுதான் அதன் அழகே. மின்னோட்டம் பாயும் கம்பியின் அருகே காந்த ஊசி திரும்புவதை 1820-இல் டென்மார்க் இயற்பியலாளர் ஓர்ஸ்டெட் கவனித்தார். சில ஆண்டுகளில் இங்கிலாந்தின் ஸ்டர்ஜன், வளைத்த தேனிரும்பில் (எளிதில் காந்தமாகி, எளிதில் அதை இழக்கும் இரும்பு) கம்பி சுற்றி, சுமார் 200 கிராம் இரும்பால் 4 கிலோ எடையைத் தூக்கிக் காட்டினார். சுற்றுகளோ மின்னோட்டமோ கூடினால் வலுவும் கூடும். மின்னோட்டத்தின் திசையை மாற்றினால் துருவங்கள் இடம் மாறும். சுருளின் உள்ளே தேனிரும்புக்குப் பதில் எஃகை வைத்தால்தான் சொதப்பும்: மின்சாரத்தை நிறுத்திய பிறகும் பிடித்ததை விடாது.

சரி, பொம்மை கார் மோட்டாரில் எது? இரண்டும்தான். மோட்டாரின் வெளி ஓட்டின் உட்புறம் நிலைக்காந்தம், நடுவில் மின்காந்தமாகச் சுழலும் கம்பிச்சுருள்.